பம்ப் மேல் விழுந்த பழி: சத்துவாச்சாரி வீட்டு எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம், ஒரு நிகழ்வு ஆய்வு

இயந்திரம்: வீட்டு உபயோக எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம். சுமார் நூறு மில்லி கொள்ளளவுள்ள அலுமினிய பாய்லர் ஒன்று, 230 வோல்ட்டில் 1200 வாட் ஹீட்டர், அதிர்வு வகைப் பம்ப், மூன்று வழி சோலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறந்து மூடும் வால்வு).
இடம்: வேலூர், சத்துவாச்சாரி.
உரிமையாளர்: ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இயந்திரம் பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கித் தந்தது.
புகார்: விளக்கு எரிகிறது, பம்ப் உறுமுகிறது, காபி இறங்கவில்லை.
முன்பு பார்த்தவர் சொன்ன முடிவு: பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும்.

பம்ப் போகவில்லை. எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறேன், உண்மையில் எது கெட்டிருந்தது, அதைக் கெடுத்தது எங்கே இருந்தது என்பதே இந்த ஆய்வு. காட்பாடியில் மிக்சி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு பழுதுபார்க்கும் கடை என்னுடையது. பத்து ஆண்டுகளுக்கு முன் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு வராத பொருள். இப்போது கல்லூரி, மருத்துவமனை வேலைக்கு வந்து குடியேறியவர்கள் வீட்டிலும், வெளியூரில் பிள்ளைகள் இருக்கும் பெரியவர்கள் வீட்டிலும் அது சமையலறை மேடைக்கு வந்துவிட்டது. பழுதானால் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப மனமில்லாமல் எங்களிடம் கொண்டு வருகிறார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்கும், சொந்தமாக ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கும் பயன்படட்டும் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முன்கதை

திருப்புளியை எடுப்பதற்கு முன்னால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: காபி கடைசியாக எப்போது நன்றாக இருந்தது? "எப்போது நின்றது" என்று கேட்டால் நின்ற நாளைச் சொல்வார்கள். அது பெரும்பாலும் உதவாது. நோய் அதற்கு வெகு முன்பே தொடங்கியிருக்கும்.

ஆசிரியர் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். சொன்னதெல்லாம் வரிசையாக வந்தது. பொங்கல் வரை ஒரு குறையும் இல்லை. கோடை தொடங்கியபோது காபி புளிக்க ஆரம்பித்தது. கொட்டை பழையதாகிவிட்டது என்று நினைத்து விலை உயர்ந்த கொட்டை வாங்கினார். அதுவும் புளித்தது. யாரோ சொன்னபடி இன்னும் பொடியாக அரைத்தார். புளிப்போடு கசப்பும் சேர்ந்தது, இறங்கும் வேகமும் குறைந்தது. ஆடி மாதத்தில், உள்ளே உப்புப் பிடித்திருக்கும் என்று சந்தேகப்பட்டு, வினிகரும் தண்ணீரும் கலந்து தொட்டியில் ஊற்றி ஓட்டியிருக்கிறார். அன்று ஓரளவு ஓடியது. மறுநாள் காலையில் சொட்டுச் சொட்டாக வந்தது. அதற்கு அடுத்த நாள் அதுவும் இல்லை.

"வினிகர் ஊற்றியதால் பம்ப் ரப்பர் கெட்டுவிட்டது என்று முன்பு பார்த்தவர் சொன்னார், தம்பி. மீட்டர் வைத்தும் காட்டினார், எண் எதுவும் வரவில்லை" என்றார்.

"தண்ணீர் எது ஊற்றுகிறீர்கள், சார்?"

"ஆர்.ஓ. தண்ணீர் மட்டும்தான். முதல் நாளிலிருந்து அதுதான். போர் தண்ணீர் ஒரு சொட்டு இதில் விழுந்ததில்லை."

இந்த பதிலைக் குறித்து வைத்துக்கொண்டேன். ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே குடித்த இயந்திரத்தில் உப்பு எப்படிப் பிடிக்கும்? பிடிக்கவில்லை என்றால் வினிகர் எதைக் கரைத்தது?

இன்னொரு குறிப்பும் கிடைத்தது. காபி எடுத்து சுவிட்சை அணைத்ததும், கைப்பிடியிலுள்ள காபித்தூளின் மேல் தேங்கிய அழுத்தம் சோலினாய்டு வால்வின் மூன்றாவது வழியாக வெளியேறும். சொட்டுத் தட்டுக்குள் 'புஸ்' என்று ஓர் ஓசை கேட்கும். தூள் காய்ந்த வில்லையாகக் கழன்று விழும். சில வாரங்களாக அந்த ஓசை இல்லை, தூள் சேறாக இருக்கிறது என்று ஆசிரியரின் மனைவி சொன்னார். அவர் பித்தளை பில்டரில் டிகாஷன் இறக்கிக் குடிப்பவர், இந்த இயந்திரத்தைத் தொடுவதே கழுவுவதற்கு மட்டும்தான். ஆனால் தட்டைக் கழுவுகிறவருக்குத் தெரிவது காபி குடிக்கிறவருக்குத் தெரிவதில்லை.

பம்ப்பும் மல்டிமீட்டரும்

முன்பு பார்த்தவர் மீட்டர் வைத்து 'தொடர்ச்சி இல்லை' என்று கண்டது பொய்யில்லை. இந்த வகைப் பம்ப்பில் சாதாரண டிஜிட்டல் மீட்டர் வைத்தால் பெரும்பாலும் அப்படித்தான் காட்டும். வீட்டு இயந்திரங்களில் இருப்பது மோட்டார் சுழலும் பம்ப் அல்ல. ஒரு செப்புச் சுருள், அதன் நடுவே ஸ்பிரிங் தாங்கிய ஓர் உலோகத் தண்டு. சுருளோடு தொடராக உள்ளேயே ஒரு டையோடு வைத்து மூடியிருக்கிறார்கள். மாறுமின்சாரத்தின் ஒரு பாதி தண்டை இழுக்கும், மறு பாதியில் ஸ்பிரிங் தள்ளும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 50 முறை இந்த இழுபறி நடக்கிறது. அந்த உறுமல் அதனால்தான். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் ஓம் அளவையில் வரும் சிறு மின்னழுத்தம் பெரும்பாலும் இந்த டையோடைத் தாண்டுவதில்லை. ஆகவே நல்ல பம்ப்பும் அறுந்த பம்ப் போலவே காட்டும். மிக்சி மோட்டாரைச் சோதிக்கும் பழக்கத்தில் கை போகும் இடம் இது. உறுமுகிற பம்ப்புக்குச் சுருள் அறுந்திருக்கவே முடியாது என்பதை முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

உறுமுவதால் மட்டும் அழுத்தம் தருகிறது என்று ஆகிவிடாது. உள்வால்வு தேய்ந்தால் சத்தம் வரும், தண்ணீர் வராது. இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு சிலிக்கோன் குழாய்கள் தொங்கும். ஒன்று உறிஞ்சுவது. மற்றொன்று அழுத்த நிவாரண வால்விலிருந்து திரும்பி வருவது. அழுத்தம் வரம்பு மீறினால் அந்த வால்வு திறந்து, மிகுதித் தண்ணீரைத் தொட்டிக்கே அனுப்பும். காபி சுவிட்சைப் போட்டுவிட்டு டார்ச் அடித்துத் தொட்டிக்குள் பார்த்தேன். திரும்பும் குழாயிலிருந்து கம்பி மாதிரி நேராக, விடாமல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வரம்பு அழுத்தத்தை எட்டும் அளவுக்குப் பம்ப் தள்ளுகிறது, தள்ளிய தண்ணீருக்குப் போக வழியில்லை. பம்ப் நிரபராதி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். உறிஞ்சுமிடத்தில் காற்று அடைத்திருந்தாலோ, தொட்டி அடி வால்வு சிக்கியிருந்தாலோ இந்தக் குழாயில் ஒன்றும் வராது. ஒரே பார்வையில் மூன்று சந்தேகங்கள் கழிந்தன.

பம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாக. அட்டைப்பெட்டியில் '15 பார்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது பம்ப்பால் முட்டித் தள்ள முடிந்த அழுத்தத்தின் அளவு, காபிக்கு வேண்டிய அளவல்ல. காபிக்கு 9 பார் போதும். மிலான் நகரத்தின் லூயிஜி பெஸ்ஸெரா 1901இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் நீராவி அழுத்தத்தில் ஓடியது, அதில் ஒன்றரை பார் கிடைத்தாலே பெரிது. அக்கில்லே காஜியா 1938இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, போருக்குப் பின் 1948இல் ஸ்பிரிங் நெம்புகோல் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்த பிறகே எட்டு, ஒன்பது பார் அழுத்தமும் மேலே மிதக்கும் அந்தப் பொன்னிற நுரையும் வந்தன. 1961இல் ஃபேமா நிறுவனத்தின் இ-61 நெம்புகோலை ஒதுக்கி மின் பம்ப்பை வைத்தது. அந்த ஒன்பதுதான் இன்றுவரை கணக்கு. பதினைந்தைக் காட்டி விற்பது வியாபாரம்.

அடைப்பு எங்கே

காபித்தூள்தான் அடைக்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. சிக்கரி கலந்த பில்டர் காபிப் பொடியை இந்த இயந்திரத்தில் போட்டு அடைத்துக்கொண்டு வருபவர்கள் எங்கள் ஊரில் நிறைய. சிக்கரி நீரில் கரைந்து பிசுபிசுத்துச் சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். இங்கே அது இல்லை. கைப்பிடியையே கழற்றிவிட்டு ஓட்டினேன், அப்போதும் தலைப்பகுதியிலிருந்து சொட்டுத்தான் விழுந்தது. சல்லடைத் தட்டைக் கழற்றினேன். எண்ணெய்க் கறை இருந்தது, ஆனால் ஒளியில் பிடித்தால் துளைகள் எல்லாம் தெரிந்தன. தட்டு இல்லாமலும் அதே சொட்டு.

பிறகு நீராவிக் குழாயின் திருகைத் திறந்து, பம்ப்பை ஓட்டினேன். தண்ணீர் தடையின்றிப் பீய்ச்சியது. தொட்டியிலிருந்து பம்ப், பம்ப்பிலிருந்து பாய்லர், பாய்லரிலிருந்து நீராவிக் குழாய் வரை பாதை திறந்திருக்கிறது. பாய்லருக்கும் காபித் தலைக்கும் நடுவில் இருப்பது ஒரே உறுப்பு, சோலினாய்டு வால்வு.

சுவிட்சைப் போடும்போது அதில் 'டிக்' என்ற ஓசை கேட்டது. சுருளில் சில நூறு ஓம் காட்டியது. மின்சாரம் போகிறது, உள்தண்டு அசைகிறது, தண்ணீர் மட்டும் போகவில்லை.

இயந்திரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நீராவித் திருகைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றி, ஆறவிட்டேன். இந்த வரிசையை மாற்றக் கூடாது. நீராவி நிலையில் பாய்லர் 130 டிகிரியைத் தாண்டியிருக்கும், அந்தச் சூட்டில் திருகைக் கழற்றினால் தண்ணீர் தண்ணீராக வராது, முகத்துக்கு நேராக ஆவியாக வரும்.

வால்வைக் கழற்றி, சுருளை உருவி, பித்தளைக் கழுத்தைத் திருகி எடுத்தபோது உள்தண்டும் ஸ்பிரிங்கும் கையில் விழுந்தன. தண்டு உட்காரும் துளை ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன் வாயில் நொய்யரிசி அளவில் ஒரு வெள்ளைச் சில்லு குறுக்காகச் செருகி நின்றது. ஒரு பக்கம் தட்டையாகவும் வழவழப்பாகவும் இருந்தது, உலோகச் சுவரில் ஒட்டியிருந்த பக்கம் அது. மறுபக்கம் சொரசொரப்பு. வெளியேற்றும் வழியில் இன்னும் இரண்டு சிறு சில்லுகள், அவற்றைச் சுற்றிக் காபி எண்ணெயும் மாவாக நொறுங்கிய உப்பும் சேர்ந்த பழுப்புப் பசை. 'புஸ்' ஓசை நின்றதற்குக் காரணம் அந்தப் பசை. சில்லில் ஒரு சொட்டு வினிகர் விட்டேன். நுரைத்தது. கால்சியம் கார்பனேட்.

வினிகர் ரப்பரைக் கெடுக்கவில்லை. பாய்லர் சுவரில் தடித்துக் கிடந்த படிவத்தின் அடியை அரித்து, அதைக் கரைத்து முடிப்பதற்கு முன்பே சில்லுகளாகப் பெயர்த்து, பாதையிலேயே மிகக் குறுகிய இடத்துக்கு அனுப்பிவிட்டது. அதிகம் படிந்துவிட்ட இயந்திரத்தில் படிவம் நீக்கும் திரவத்தை ஊற்றி ஓட்டிய மறுநாளே அடைத்துக்கொள்வது இப்படித்தான். லேசாகப் படிந்திருக்கும்போது அமிலம் ஓட்டுவது சரியான பராமரிப்பு. தடித்த பிறகு பிரித்துச் சுத்தம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

பாய்லருக்குள்

வால்வைச் சுத்தம் செய்து மாட்டினால் அன்றைக்கே காபி இறங்கியிருக்கும். பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். அடுத்த சில்லு அடுத்த வாரம் வந்து உட்கார்ந்திருக்கும். அதனால் பாய்லரையும் பிரிக்கிறேன் என்று சொல்லி ஒப்புதல் வாங்கினேன்.

பாய்லர் இரண்டு பாதிகள், நான்கு ஆலன் திருகுகள், நடுவில் ஓர் ஓ-ரிங். திருகுகளில் மூன்று எளிதாக வந்தன. நான்காவது பிடித்துக்கொண்டது. இந்த இடத்தில் பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை உரிந்துவிடும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டித் தளர்த்தினேன்.

உள்ளே வெள்ளையும் பழுப்புமாக ஓடு கட்டியிருந்தது. ஹீட்டர் பதிந்திருக்கும் பக்கத்தில் தடிப்பு அதிகம். சில இடங்களில் ஓடு பெயர்ந்து அலுமினியம் தெரிந்தது, வினிகரின் கைவேலை. காபி ஏன் புளித்தது என்பதும் இங்கேதான் தெரிந்தது.

இந்த இயந்திரத்தில் சூட்டை அளக்கும் தெர்மோஸ்டாட் தண்ணீருக்குள் இல்லை. பாய்லரின் வெளிச்சுவரில் திருகப்பட்டிருக்கிறது. 107 டிகிரி என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. உலோகம் 107ஐத் தொட்டால் ஹீட்டர் அணையும், அப்போது உள்ளே தண்ணீர் தொண்ணூறுகளில் இருக்கும் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. காபிக்கு வேண்டியது 90 முதல் 96 டிகிரி. இப்போது உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓடு வந்துவிட்டது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் இந்தப் படிவம் நூறில் ஒரு பங்கு அளவுக்குக்கூடச் சூட்டைக் கடத்துவதில்லை. ஹீட்டர் சுவரைச் சுட வைக்கிறது, சுவர் சட்டென்று 107ஐத் தொடுகிறது, தெர்மோஸ்டாட் 'போதும்' என்று அணைக்கிறது, தண்ணீர் பின்தங்கி நிற்கிறது. விளக்கு தயார் என்று சொல்லும். தண்ணீர் தயாராகியிருக்காது. காபி எடுக்கும்போது உள்ளே புகும் குளிர்ந்த தண்ணீரையும் வேகமாகச் சூடாக்க முடியாது. சூடு குறைந்த தண்ணீர் காபியின் புளிப்பை மட்டும் இழுத்துக்கொண்டு இறங்கும். ஆசிரியர் கொட்டையை மாற்றினார், அரைப்பை மாற்றினார். இரண்டுக்கும் இதில் பங்கில்லை.

சுத்தம் செய்த முறை இது. எஃகுக் கத்தியும் இரும்பு நாரும் அலுமினியத்தைக் கீறும், கீறலில் அடுத்த படிவம் இன்னும் விரைவாகப் பிடிக்கும். மூங்கில் குச்சியைச் சீவி அதனால் பெயர்த்தேன். மிச்சத்துக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம், ஒரு லிட்டருக்கு இருபது முதல் முப்பது கிராம், கை பொறுக்கும் சூடு. கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. சிட்ரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து உண்டாகும் கால்சியம் சிட்ரேட் சூடு ஏறஏறக் கரைவது குறையும். செறிவும் சூடும் மிகுந்தால் ஒரு வெள்ளைப் படிவம் போய் இன்னொரு வெள்ளைப் படிவம் வந்து உட்காரும். நுரைப்பது அடங்கியதும் கரைசலைக் கொட்டிப் புதிதாக ஊற்ற வேண்டும். அலுமினியம் என்பதால் ஒரே கரைசலில் மணிக்கணக்கில் ஊறவிடவும் கூடாது. வேலை முடிந்ததும் உலோகம் சற்றுக் கருத்துச் சாம்பல் நிறமாகத் தெரியும், பயப்பட ஒன்றுமில்லை. அதை மினுக்க வேண்டும் என்று தேய்க்கத் தொடங்கினால் உலோகம்தான் தேயும்.

ஹீட்டர் 44 ஓம் காட்டியது. 230ஐ 230ஆல் பெருக்கி 1200ஆல் வகுத்தால் வரும் எண்ணும் அதுதான். உடலோடு கசிவு இருக்கிறதா என்று மெகர் வைத்துப் பார்த்ததில் குறையில்லை. தெர்மோஸ்டாட்டுகளின் அடியில் காய்ந்து பொடியான வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். ஓ-ரிங் புதிது, உணவுக்கு ஏற்ற சிலிக்கோனில். கடையில் கிடைக்கும் சாதாரணக் கருப்பு ரப்பர் வளையம் அளவுக்குப் பொருந்தினாலும் போடக் கூடாது. சூட்டில் அது விடும் நாற்றம் காபியில் இறங்கும். கைப்பிடி மாட்டும் இடத்துக் கேஸ்கட் பிளாஸ்டிக் போல இறுகியிருந்ததால் அதையும் மாற்றினேன்.

பூட்டியபின் தண்ணீர் தலையிலிருந்து தாராளமாக இறங்கியது. தெர்மோகப்பிள் வைத்துப் பார்த்ததில் 93 டிகிரி. பதினெட்டு கிராம் தூளுக்கு முப்பத்தாறு கிராம் காபி, அரை நிமிடத்துக்குச் சற்று முன்னால் இறங்கி முடிந்தது. சுவிட்சை அணைத்ததும் 'புஸ்'. அழுத்தமானியில் 11 பார் காட்டியது. ஒன்பதுக்கு இறக்கச் சொல்லிச் சிலர் அடம் பிடிப்பார்கள். இவர் பயன்படுத்துவது அடியில் ஒற்றைத் துளை உள்ள அழுத்தக் கூடை, அதில் இந்த வேறுபாடு நாக்குக்குத் தெரியாது. தொடாமல் விட்டேன்.

ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு எப்படி வந்தது

'நீரில்லா ஆறு' என்று வேலூருக்குப் பழைய வசை ஒன்று உண்டு. பாலாறு மணலாகக் கிடக்க, நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் பெரும்பாலும் பாறைக்குள் இறக்கிய போர் தண்ணீர். பாறை இடுக்கில் காலங்காலமாக நின்ற தண்ணீர் கால்சியம், மெக்னீசியம் உப்புகளைச் சுமந்துதான் மேலே வரும். கீசர் ராடு, குழாய் முனை, குளியலறை ஓடு எல்லாம் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தாலே தெரியும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் கழிவின் உப்பும் நிலத்தடி நீரில் சேர்ந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு அதைப் பற்றியதுதான். அது வேறு உப்பு, பாய்லரில் ஓடு கட்டுவது கால்சியம் பைகார்பனேட். சூடு பட்டால் அது கார்பனேட்டாகி, கரைய முடியாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

போர் தண்ணீர் இயந்திரத்தில் விழவில்லை என்று ஆசிரியர் சத்தியம் செய்யாத குறை. ஆகவே இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது டி.டி.எஸ். மீட்டரையும் கடினத்தன்மை சோதிக்கும் சொட்டு மருந்தையும் எடுத்துப் போனேன். இரண்டும் வேண்டும். டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பு மொத்தத்தைச் சொல்லும், அது எந்த உப்பு என்று சொல்லாது. சமையல் உப்பு கரைந்த தண்ணீரும் சுண்ணாம்பு கரைந்த தண்ணீரும் அதற்கு ஒன்றுதான். சொட்டு மருந்தில் தண்ணீர் சிவப்பாகி, சொட்டுச் சொட்டாக விடவிட நீலமாக மாறும். நீலமாகும்வரை விட்ட சொட்டுகளை எண்ணினால் கடினத்தன்மை கிடைத்துவிடும். என்னிடம் இருப்பதில் ஒரு சொட்டு லிட்டருக்கு 25 மில்லிகிராம்.

போர் தண்ணீர்: டி.டி.எஸ். 1100, பத்தொன்பது சொட்டு, அதாவது கடினத்தன்மை 475. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 குடிநீருக்கு 200 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது. நடுவில் நிற்கிறது.

ஆர்.ஓ. குழாய்த் தண்ணீர்: டி.டி.எஸ். 420. ஏழு சொட்டில்தான் நீலமானது. 175.

ஆர்.ஓ. சவ்வு ஒழுங்காக வேலை செய்தால் இந்த ஊர்த் தண்ணீரை ஐம்பதுக்கு அருகில் கொண்டு வந்துவிடும். சவ்வு கிழிந்ததா? மூடியைக் கழற்றிச் சவ்விலிருந்து நேராக வரும் குழாயில் பிடித்துப் பார்த்தால் 40. சவ்வு நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு, சவ்வுக்குப் போகாமல் வடிகட்டி மட்டும் தாண்டிய தண்ணீரை ஒரு பக்கவழியாகக் கொண்டு வந்து கலக்கும் சிறு திருகு இருக்கிறது. டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்பார்கள். அது நன்றாகத் திறந்திருந்தது. வருகிற எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பச்சைப் போர் தண்ணீர்.

"இதை யார் திறந்தது, சார்?"

ஆசிரியர் நாட்குறிப்பைப் புரட்டினார். தை மாதம் ஆர்.ஓ. சர்வீஸுக்கு ஆள் வந்தபோது, தண்ணீர் சப்பென்று இருக்கிறது, குடித்தால் தாகம் அடங்கவில்லை என்று அம்மா, அதாவது ஆசிரியரின் மனைவி, சொல்லியிருக்கிறார். வந்தவர் திருகைத் திறந்து ருசியைக் கூட்டிவிட்டுப் போயிருக்கிறார். குடிப்பவருக்கு அது தவறான வேலை அல்ல. அந்தத் தண்ணீரைத் தினமும் நூறு டிகிரிப் பக்கம் கொண்டு போகும் ஒரு பெட்டி அதே சமையலறையில் இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கணக்கும் ஒத்துப்போகிறது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஓடினால், லிட்டருக்கு 175 மில்லிகிராம் வீதம், ஆண்டுக்கு 64 கிராம் சுண்ணாம்பு அந்தப் பெட்டி வழியாகப் போகிறது. முழுவதும் படியாது. பத்தில் ஒன்று படிந்தாலும் ஆறு கிராமுக்கு மேல், நூறு மில்லி பாய்லருக்குள். தையில் திருகு திறந்தது, சித்திரையில் புளிப்பு, ஆடியில் வினிகர்.

என்ன செய்தோம்

திருகை மூடினால் இயந்திரம் பிழைக்கும், அம்மாவுக்குத் தண்ணீர் மீண்டும் சப்பென்று ஆகும். வீட்டில் ஆர்.ஓ. குழாய் ஒன்றுதான். வெறும் சவ்வுத் தண்ணீர் காபிக்கும் அவ்வளவு நல்லதல்ல. சுவை இறங்காது, உலோகத்தையும் மெல்ல அரிக்கும். தண்ணீர் இருப்பதை மின்கடத்துதிறனால் உணரும் சில இயந்திரங்கள், மிகத் தூய தண்ணீரை ஊற்றினால் தொட்டி காலி என்று அடம் பிடிப்பதும் உண்டு. இந்த இயந்திரத்தில் அந்த உணரி இல்லை. உலக அளவில் சிறப்புக் காபிக்காரர்களின் சங்கம் டி.டி.எஸ். 150ஐ இலக்காகவும், 75 முதல் 250 வரை ஏற்கத்தக்கதாகவும் வகுத்திருக்கிறது. கடைக்குத்தான் அந்த இலக்கு. வீட்டில், அதுவும் எங்கள் ஊரில், சுவையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பாய்லரைக் காப்பாற்றுவதே என் கட்சி.

அவர்கள் தெருவுக்கு வரும் இருபது லிட்டர் கேன் தண்ணீரைச் சோதித்தோம். டி.டி.எஸ். 70, ஒரே சொட்டில் நீலம். இயந்திரத்துக்கு அது, குடிக்க ஆர்.ஓ. என்று முடிவானது.

"சோறு வடிக்கிற எனக்குப் போர் தண்ணீர், இந்தப் பெட்டிக்குத் தனியாகக் கேனா?" என்று அம்மா கேட்டார். ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் பிளக்கைச் சரிபார்ப்பதில் மும்முரமானேன்.

இரண்டு ஏற்பாடுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். கேன் கொண்டு வருபவர் மாறினால் சொட்டு மருந்து வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாக் கேனும் ஒரே தண்ணீர் அல்ல. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை லேசான சிட்ரிக் கரைசலை ஓட்டி, பின் இரண்டு தொட்டி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வினிகர் வேண்டாம். படிவத்தை அது கரைக்கும், ஆனால் வாசனை ரப்பரில் தங்கி வாரக்கணக்கில் காபியில் வரும்.

கார்த்திகையில் அந்தப் பக்கம் போனபோது சல்லடைத் தட்டையும் வால்வையும் மட்டும் கழற்றிப் பார்த்தேன். துளை சுத்தமாக இருந்தது, சில்லு இல்லை. நீராவித் திருகை முழுதாக மூடினாலும் குழாய் முனையில் மெல்லிய கசிவு இருக்கிறது. வால்வின் இருக்கையிலேயே படிவம் அரித்த குழி விழுந்திருக்கிறது, சுத்தம் செய்து தீராது. பாகத்துக்குச் சென்னையில் சொல்லியிருக்கிறேன். வரும் வரை காபி எடுத்து முடித்ததும் இயந்திரத்தை அணைத்துவிடச் சொன்னேன்.